ஆட்டிசம் உள்ள குழந்தையின் கோடை விடுமுறை: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஆட்டிசம் உள்ள ஒரு மகனின் தாய் நான். இதே நிலையில் உள்ள பல குடும்பங்களோடு நெருங்கிப் பழகுவதால், பள்ளி மூடும் நாள் நெருங்கும் ஒவ்வோர் ஆண்டும் ஏறக்குறைய ஒரே கேள்விகள் என்னிடம் வந்து சேர்கின்றன. மூன்று முதல் எட்டு வயது வரையுள்ள குழந்தைகளை மனத்தில் வைத்து அவற்றுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். மருந்து, வலிப்பு, ஒவ்வாமை ஆகியவற்றில் உங்கள் குழந்தையை நேரில் பார்க்கும் மருத்துவர் சொல்வதே முடிவானது.

பள்ளி நடக்கும்போது அமைதியாக இருந்த குழந்தை, விடுமுறை தொடங்கிய ஒரே வாரத்தில் ஏன் இப்படி மாறிவிடுகிறது?

பள்ளிக்கூடம் பாடத்தோடு சேர்த்து நாளுக்கு ஒரு வடிவத்தையும் கொடுத்துக்கொண்டிருந்தது. எழுந்தவுடன் சீருடை, பிறகு வண்டி, பிறகு அதே வாசல், அதே நாற்காலி, ஒரு மணி அடித்தால் சாப்பாடு, இன்னொரு மணி அடித்தால் வீடு என்று அடுத்தது என்ன என்பது ஒவ்வொரு கட்டத்திலும் குழந்தைக்குத் தெரிந்திருந்தது. யாரும் வாய்விட்டு விளக்காமலேயே தெரிந்திருந்தது என்பதுதான் முக்கியம். விடுமுறை வந்தவுடன் அந்த வடிவம் ஒரே நாளில் மறைந்துவிடுகிறது. மாற்றத்தைச் சொல்லால் விளங்கிக்கொள்ள முடியாத குழந்தைக்கு இது விளக்கை அணைத்துவிட்ட வீட்டில் நடப்பதைப் போன்றது.

ஆட்டிசத்தை முதலில் விவரித்தவர்களுள் ஒருவரான உளநல மருத்துவர் லியோ கானர், 1943-இல் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய முதல் கட்டுரையிலேயே, எல்லாம் மாறாமல் அப்படியே இருக்க வேண்டும் என்ற அவர்களுடைய தவிப்பைத் தனியாகக் குறிப்பிட்டிருக்கிறார். அமெரிக்க உளநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட, உளநலக் கோளாறுகளைக் கண்டறியும் கையேட்டின் ஐந்தாம் பதிப்பும், வழக்கத்தை விடாமல் பற்றிக்கொள்வதையும் ஒலி, ஒளி, தொடுகை முதலியவற்றை மிகையாகவோ குறைவாகவோ உணர்வதையும் ஆட்டிசத்தின் அடையாளங்களில் சேர்த்திருக்கிறது. ஆகவே விடுமுறையின் முதல் வாரத்தில் கடிப்பதும், கதவருகே நின்று அழுவதும், காலையில் புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பதும் கெட்ட பழக்கம் தொற்றிவிட்டது என்பதற்கான அறிகுறிகள் ஆகமாட்டா. அடுத்தது என்ன என்று குழந்தை தனக்குத் தெரிந்த வழியில் கேட்கிறது. விடுமுறைக்கான உதவி என்று நாம் எதைத் திட்டமிட்டாலும் முதலில் இந்தக் கேள்விக்கு விடை தர வேண்டும். எதைக் கற்பிக்கலாம் என்பது அதற்குப் பிறகு வருவது.

எப்போது திட்டமிடத் தொடங்குவது? பள்ளியிடம் எதைக் கேட்டு வாங்கிக்கொள்வது?

பள்ளி மூடுவதற்கு ஆறு வாரங்களாவது இருக்கும்போது தொடங்குங்கள். முகாம்களில் இடமும் தெரபிஸ்டுகளின் நேரமும் சீக்கிரம் நிரம்பிவிடுகின்றன. கடைசி வாரத்தில் ஆசிரியர்களுக்கும் நின்று பேச நேரம் இருப்பதில்லை.

மதிப்பீட்டு அறிக்கையை விடச் சிறிய செய்திகளே அதிகம் உதவும். எந்தச் சொல்லுக்கு, எந்தச் சைகைக்குக் குழந்தை கவனம் திருப்புகிறது, ஒரு வேலையில் எத்தனை நிமிடம் அமர்கிறது, கலங்கும்போது எது அமைதிப்படுத்துகிறது, எந்தப் பிள்ளையின் அருகில் தானாகப் போய் உட்காருகிறது என்பவற்றைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் மகன் ஓராண்டு முழுவதும் வகுப்பில் தானாகவே கைகழுவிக்கொண்டிருந்தான் என்பதை விடுமுறை தொடங்கி மூன்று வாரம் கழித்துத்தான் நான் அறிந்தேன். அதுவரை வீட்டில் அவன் கையை நானே கழுவிவிட்டேன். பள்ளிக் குழாய்க்கு மேலே ஒட்டியிருந்த நான்கு படங்களே அந்த வேறுபாட்டுக்குக் காரணம். அதே நான்கு படங்களை எங்கள் வீட்டுக் குழாய்க்கு மேலே ஒட்டிய மறுநாள், யாரும் சொல்லாமலே அவன் கையை நீட்டினான்.

வகுப்பறை, கழிப்பறை, வாசல் ஆகியவற்றையும் ஆசிரியரையும் அனுமதி பெற்றுப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பள்ளி திறக்கும்போது அவை தேவைப்படும்.

இத்தனை நாள் கற்றது எல்லாம் மறந்துவிடாதா? விடுமுறையில் எத்தனை இலக்குகள் வைத்துக்கொள்ளலாம்?

ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், மிஞ்சினால் இரண்டு. பத்து இலக்குகளை எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டு, மூன்றாம் வாரத்தில் அந்தத் தாளைப் பார்க்கவே மனம் கூசிய பெற்றோர்களை நான் அறிவேன். வீட்டில் நாள்தோறும் பலமுறை தானாக நேரும் செயலாக அது இருக்கட்டும். கழிப்பறைப் பழக்கம், உடை மாற்றுவது, 'வேண்டும்', 'போதும்' என்பவற்றைச் சொல்லாலோ படத்தாலோ தெரிவிப்பது போன்றவை கோடைக்கு ஏற்றவை. காலையில் வண்டியைப் பிடிக்கும் அவசரம் இல்லாத காலம் இது. கழிப்பறைப் பழக்கத்துக்கு அதைப்போல உதவுவது வேறில்லை.

கற்பிக்கும்போது கடைசிப் படியிலிருந்து பின்னோக்கி வாருங்கள். கால்சட்டை அணியக் கற்பிப்பதானால், அதை இடுப்புக்குச் சற்றுக் கீழ் வரை நீங்களே ஏற்றிவிட்டுக் கடைசி இழுப்பை மட்டும் குழந்தைக்கு விடுங்கள். அது கைவந்தபின் முழங்காலிலிருந்து இழுக்கட்டும், பிறகு கணுக்காலிலிருந்து. ஒவ்வொரு முறையும் செயல் குழந்தையின் கையால் முடிவதால், தோல்வியோடு எழும் தருணமே வருவதில்லை.

மறதியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பள்ளியில் செய்ததை வீட்டில் செய்யாமல் இருப்பது பெரும்பாலும் மறதியாக இருக்காது. இடமும் ஆளும் பொருளும் மாறியதால் அந்தச் செயலே குழந்தைக்குப் புதிதாகத் தெரிகிறது. ஆனால் முன்பு பேசிய சொற்கள் மறைந்துகொண்டே வந்தாலோ, நடை தடுமாறினாலோ, சில நொடிகள் கண் நிலைத்து அழைப்புக்கு விடை இல்லாமல் போனாலோ விடுமுறை முடியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

நாள் முழுவதற்கும் அட்டவணை போட வேண்டுமா? பட அட்டவணையை வீட்டில் எப்படிச் செய்வது?

மணிக்கணக்கில் போட வேண்டாம். எழுவது, மூன்று வேளை உணவு, குளியல், வெளியே போவது, படுக்கை ஆகிய ஆறேழு தூண்களை மட்டும் ஒரே வரிசையில் நிறுத்துங்கள். இடையில் உள்ள நேரம் தளர்வாக இருக்கலாம். மணி சற்று முன்பின் ஆனாலும் வரிசை மாறாமல் இருந்தால் பெரும்பாலான குழந்தைகள் தாங்கிக்கொள்கின்றன.

வட கரோலைனா பல்கலைக்கழகத்தில் எரிக் ஷாப்ளர் தொடங்கிய டீச் என்ற திட்டம், 1972-இலிருந்து மாநில அளவில் நடந்துவருகிறது. காதால் கேட்பதை விடக் கண்ணால் பார்ப்பதை எளிதாக விளங்கிக்கொள்ளும் குழந்தைகளுக்காக நாளின் வரிசையைக் கண்ணுக்குத் தெரியும்படி அமைத்துத் தருவது அதன் அடிப்படை. சொல் காற்றில் கரைந்துவிடும். படம் திரும்பிப் பார்க்கும் வரை அங்கேயே இருக்கும். வீட்டில் இதற்குப் பெரிய செலவு ஏதும் இல்லை. படம் புரியாத மிகச் சிறு குழந்தைக்குப் பொருளையே காட்டலாம்: குளியலுக்கு அதன் குவளை, வெளியே போவதற்குச் செருப்பு. அடுத்த நிலையில் உங்கள் வீட்டுப் பொருள்களின் புகைப்படம், அதற்கும் அடுத்து வரைபடம், எழுத்து. அட்டவணை முழுவதும் அதிகமாகத் தோன்றினால் 'முதலில் இது, பிறகு அது' என்று இரண்டே படங்கள் போதும். முடிந்த படத்தைக் கழற்றி ஒரு பெட்டியில் குழந்தையே போடட்டும். முடிந்தது என்பதைக் கையால் உணர்வது அதற்கு மிகவும் தேவை.

பலர் விட்டுவிடும் ஒரு படம் உண்டு: மாற்றத்தைக் குறிக்கும் படம். ஒரு வண்ண வட்டமோ கேள்விக்குறியோ போதும். அதை முதன்முதலில் நல்ல மாற்றத்துக்குப் பயன்படுத்துங்கள். புதிர் விளையாட்டுக்குப் பதில் அதற்குப் பிடித்த ஊஞ்சல் வரட்டும். 'அந்த வட்டம் வந்தால் உலகம் இடிந்துவிடாது' என்று நாலைந்து முறை பழகிய குழந்தை, மழை வந்து பூங்கா ரத்தாகும் நாளை ஓரளவு தாங்கும். இதைத் தவிர, விடுமுறை முழுவதையும் காட்டும் நாள்காட்டி ஒன்றைக் குழந்தையின் கண்மட்டத்தில் மாட்டி, கடைசிக் கட்டத்தில் பள்ளியின் படத்தை ஒட்டுங்கள். இது முடிவில்லாமல் நீளப்போவதில்லை என்பதைச் சொல்ல எனக்குத் தெரிந்த எளிய வழி அதுவே.

இன்னும் பேச்சு வரவில்லை. பட அட்டையோ பேசும் செயலியோ கொடுத்தால் பேச்சு வராமலே போய்விடும் என்கிறார்களே?

அந்த அச்சம் தேவையில்லை. படங்களைக் கொடுத்து வேண்டியதைக் கேட்கும் பெக்ஸ் முறையை ஆண்டி பாண்டியும் லோரி ஃப்ராஸ்டும் 1985-இல் உருவாக்கினார்கள். அதற்குப் பிறகு இத்தகைய மாற்று வழிகளைப் பற்றிப் பல ஆய்வுகள் நடந்தன. அவற்றைத் திரட்டி 2006-இல் வெளியான ஒரு மதிப்பாய்வு, நம்பத்தக்க சான்றுள்ள நேர்வுகளில் எந்த ஒன்றிலும் பேச்சு குறையவில்லை என்றும் பெரும்பான்மையானவற்றில் சற்றேனும் கூடியது என்றும் கண்டது. படமோ செயலியோ பயன்படுத்தும் குழந்தையிடமிருந்து விடுமுறையில் அதைப் பிடுங்கி வைக்காதீர்கள். உங்கள் வாய்ப் பேச்சு உங்களோடு வருவதைப் போல அது எங்கும் குழந்தையோடு வர வேண்டும். நீங்களும் அந்தப் படங்களைச் சுட்டிக்காட்டிப் பேசுங்கள். கேட்ட வாக்கியத்தையே திரும்பச் சொல்லும் குழந்தையைத் திருத்தாமல், எந்தச் சூழலில் அதைச் சொல்கிறது என்று கவனியுங்கள். அதில் பெரும்பாலும் ஒரு பொருள் இருக்கும்.

பள்ளி இல்லாத காலத்தில் தெரபி நேரத்தை இரண்டு மடங்காக்கிவிடலாமா?

என்னைக் கேட்டால் வேண்டாம் என்பேன், காரணத்தையும் சொல்கிறேன். வாரத்துக்கு 40 மணி நேரம் என்று பெற்றோர் காதில் விழும் எண், உளவியலாளர் ஐவார் லோவாஸ் நடத்தைப் பயிற்சி பற்றி 1987-இல் வெளியிட்ட ஆய்வு வழியாகப் பரவியது. அதில் அந்த அளவு பயிற்சி பெற்ற குழந்தைகள் 19 பேர். குழந்தைகள் எந்தப் பிரிவில் சேர்வது என்பதும் குலுக்கல் முறையில் முடிவு செய்யப்படவில்லை. அதன்பின் ஏராளமான ஆய்வுகள் வந்திருக்கின்றன. அவற்றுள் 144-ஐ ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த தொகுப்பாய்வு ஒன்று 2024-இல் வெளியானது. மணி நேரம் கூடக் கூடப் பயனும் கூடும் என்பதற்கு உறுதியான சான்று அதில் கிடைக்கவில்லை. தெரபி வீண் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. எதைக் கற்பிக்கிறார்கள், எப்படிக் கற்பிக்கிறார்கள், குழந்தை விருப்பத்தோடு வருகிறதா என்பவை எண்ணிக்கையை விட முக்கியமானவை.

இன்னொன்றையும் நான் வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறேன். கண்ணைப் பார்க்க வைப்பதும், கையை ஆட்டாமல் இருக்க வைப்பதும் சில இடங்களில் இன்னமும் இலக்குகளாக எழுதப்படுகின்றன. ஆட்டிசம் உள்ளவர்கள் வளர்ந்து பெரியவர்களாகித் தங்கள் குழந்தைப் பருவத்தைப் பற்றி எழுதும்போது, இந்தப் பயிற்சிகள் தங்களுக்குத் தந்த வேதனையைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். கையை ஆட்டுவதும் முன்னும் பின்னும் அசைவதும் உடலைச் சமன்படுத்திக்கொள்ளும் வழிகள். தன்னையோ பிறரையோ காயப்படுத்தாதவரை அவற்றை விட்டுவிடுங்கள். உங்கள் மையத்தில் வைத்திருக்கும் இலக்குகளை எழுத்தில் கேட்டு வாங்கி, ஒவ்வொன்றும் குழந்தையின் வாழ்க்கையை எளிதாக்குமா அல்லது பார்ப்பவர்களின் சங்கடத்தைக் குறைக்குமா என்று கேட்டுப் பாருங்கள்.

பள்ளிக் காலத்தில் நடந்த ஸ்பீச் தெரபியும் (பேச்சுப் பயிற்சி) ஆக்குபேஷனல் தெரபியும் (அன்றாடச் செயல்களுக்கான பயிற்சி) அதே கிழமையில் அதே நேரத்தில் தொடரட்டும்; அதுவே நாளின் வடிவத்துக்கும் உதவும். மற்றபடி, அன்றாட வீட்டு வேலைகளும் விளையாட்டும் கற்பிப்பதற்குக் குறைந்தவை ஆகமாட்டா. உலக சுகாதார நிறுவனம் 2 முதல் 9 வயதுக் குழந்தைகளின் பெற்றோருக்காக உருவாக்கிய பயிற்சி ஒன்பது குழு அமர்வுகளும் மூன்று வீட்டு வருகைகளும் கொண்டது. விளையாட்டையும் வீட்டு வேலைகளையும் வைத்தே குழந்தையோடு எப்படிப் பழகுவது என்பதை அது கற்றுத்தருகிறது. ஓய்வும் விளையாட்டும் ஒவ்வொரு குழந்தையின் உரிமை என்று ஐக்கிய நாடுகள் சபையின் 1989-ஆம் ஆண்டுக் குழந்தை உரிமை உடன்படிக்கையின் 31-ஆவது பிரிவு சொல்கிறது. ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு அதில் விலக்கு ஏதும் எழுதப்படவில்லை.

கோடை முகாமில் சேர்க்கலாமா? எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

சேர்க்கலாம், முகாம் குழந்தைக்குப் பொருந்தினால். 'எல்லாக் குழந்தைகளையும் ஏற்றுக்கொள்வோம்' என்ற வாசகத்தோடு நின்றுவிடாமல், ஒரு பெரியவருக்கு எத்தனை குழந்தைகள், கழிப்பறையில் உதவி தேவைப்பட்டால் யார் செய்வார், வாசல் கதவு பூட்டியிருக்குமா, அருகில் நீச்சல் குளமோ குட்டையோ உண்டா, குழந்தை கலங்கினால் ஒதுங்கி உட்கார அமைதியான இடம் எது என்று கேளுங்கள். விடை சொல்பவரின் பொறுமையே பாதி விடையைச் சொல்லிவிடும். முகாம் நடக்கும் நேரத்தில் ஒரு முறை நேரில் போய், அறையின் இரைச்சலை நீங்களே கேட்டுப் பாருங்கள். முதல் நாள் ஒரு மணி நேரம், பிறகு இரண்டு மணி நேரம் என்று கூட்ட அனுமதிக்காத இடத்தை நான் தேர்ந்தெடுக்க மாட்டேன். மூன்று நான்கு நாட்களுக்குப் பிறகும் குழந்தை உறங்காமல், உண்ணாமல், வாசலைக் கண்டாலே அலறினால், கட்டிய பணத்தை எண்ணாமல் நிறுத்திவிடுங்கள்.

வெயிலும் வியர்வையும் பெரும் தொல்லையாக இருக்கின்றன. என்ன செய்யலாம்?

இதைப் பலர் பிடிவாதம் என்று எண்ணிவிடுகிறார்கள். வியர்வையில் ஒட்டும் துணி, சட்டைக் கழுத்துப் பின்னால் உறுத்தும் லேபிள், முகத்தில் பூசும் வெயில் தடுப்பு களிம்பின் பிசுபிசுப்பு ஆகியவை சில குழந்தைகளுக்கு உண்மையான வலியாகவே இருக்கும். லேபிளை வெட்டிவிடுங்கள், களிம்பு வேண்டாம் என்றால் முழுக்கை மெல்லிய பருத்தி ஆடையையும் அகன்ற தொப்பியையும் விடுமுறைக்கு முன்பே வீட்டுக்குள் பழக்குங்கள். காதை மூடும் ஹெட்ஃபோனைக் கையோடு வைத்திருங்கள்.

உடலுக்குள் எழும் தாகம், வெப்பம், சோர்வு ஆகியவற்றைச் சில குழந்தைகள் தெளிவாக உணர்வதில்லை. உணர்ந்தாலும் சொல்லத் தெரிவதில்லை. ஆகவே தாகம் எடுக்கும் வரை காத்திருக்காமல், தண்ணீர் குடிப்பதையும் பட அட்டவணையில் ஒரு படமாகச் சேருங்கள். மருந்து எடுக்கும் குழந்தைகளுக்குக் கூடுதல் கவனம் தேவை. வலிப்புக்குத் தரப்படும் டோபிரமேட், ஸோனிசமைடு ஆகியவை குழந்தைகளுக்கு வியர்ப்பதைக் குறைத்து உடல் வெப்பத்தை ஏற்றக்கூடியவை. கடும் எரிச்சலுக்குத் தரப்படும் ரிஸ்பெரிடோன் வகை மருந்துகளும் உடல் வெப்பத்தைச் சீராக்கும் ஆற்றலைக் குறைக்கலாம். மருந்தை நீங்களாக நிறுத்த வேண்டாம். கோடைக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டுவிட்டு, உச்சி வெயிலில் வெளியே போவதைத் தவிருங்கள்.

இது மெல்ட்டவுனா, அடமா? எப்படிப் பிரித்தறிவது?

அடம் பிடிக்கும் குழந்தை இடையிடையே உங்கள் முகத்தைப் பார்க்கும், கேட்டது கிடைத்தால் நிற்கும். மெல்ட்டவுனில் குழந்தை யாரையும் பார்ப்பதில்லை, எது கொடுத்தாலும் நிற்பதில்லை; தாங்கும் எல்லையைக் கடந்துவிட்ட உடல் அது. அந்த நேரத்தில் அறிவுரையும் கேள்வியும் இன்னுமொரு இரைச்சலாகத்தான் சேரும். பேச்சைக் குறையுங்கள், விளக்கையும் கூட்டத்தையும் குறையுங்கள், தலை மோதாமல் மெத்தையோ உங்கள் கையோ இருக்கட்டும், குழந்தைக்குப் பிடிக்குமானால் மட்டும் அழுத்தமாக அணைத்துக்கொள்ளுங்கள். முடிந்தபின் தண்ணீரும் ஓய்வும் போதும், விசாரணை வேண்டாம். அன்று இரவு, அதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்தில் என்ன நடந்தது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். இரண்டு வாரக் குறிப்புகளைச் சேர்த்துப் படித்தால் ஒரு காரணம் பெரும்பாலும் தட்டுப்பட்டுவிடும். எங்கள் வீட்டில் அது மிக்ஸியின் ஒலி.

கதவு திறந்தால் ஓடிவிடுகிறது. விடுமுறையில் வீடு முழுவதும் ஆள் நடமாட்டம் இருக்கிறதே?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விடையை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள். அமெரிக்காவில் 2012-இல் வெளியான ஓர் ஆய்வில், ஆட்டிசம் உள்ள குழந்தைகளுள் ஏறத்தாழ பாதிப் பேர் நான்கு வயதுக்குப் பிறகு ஒரு முறையாவது பெரியவர்களின் பார்வையை விட்டு வெளியேற முயன்றிருந்தார்கள். அப்படி வெளியேறி உயிரிழக்கும் குழந்தைகளின் இறப்புக்கு முதன்மையான காரணம் நீரில் மூழ்குவது. தண்ணீரின் மினுக்கமும் அசைவும் ஒலியும் இந்தக் குழந்தைகளுள் பலரை ஈர்க்கின்றன. ஆபத்தைப் பற்றிய எண்ணம் அவர்களைத் தடுப்பதில்லை.

வாசலுக்குக் குழந்தையின் கைக்கு எட்டாத உயரத்தில் இரண்டாவது தாழ்ப்பாள் போடுங்கள், கதவு திறந்தால் ஒலிக்கும் மணியை மாட்டுங்கள். வீட்டைச் சுற்றி எங்கெல்லாம் கிணறு, தொட்டி, குளம், கால்வாய் உள்ளன என்று நடந்து பார்த்துப் பட்டியல் எழுதுங்கள். குழந்தையைக் காணவில்லை என்றால் முதலில் ஓட வேண்டிய இடங்கள் அவை, கட்டிலுக்கு அடியில் தேடுவது பிறகு. அண்டை வீட்டாரிடம் குழந்தையின் படத்தையும் உங்கள் எண்ணையும் கொடுத்து, 'தனியாகக் கண்டால் உடனே பிடித்து நிறுத்துங்கள், பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாது' என்று வெட்கப்படாமல் சொல்லுங்கள். உடையில் தைத்த தொலைபேசி எண்ணோ கைப்பட்டையோ அவசியம். வீட்டில் விருந்தாளிகள் கூடும் நாளில் 'எல்லோரும் பார்த்துக்கொள்கிறோம்' என்பது ஒருவரும் பார்க்கவில்லை என்பதில்தான் முடியும். ஆகவே அரை மணிக்கு ஒருவர் என்று பெயர் சொல்லிப் பொறுப்பை மாற்றிக்கொள்ளுங்கள். நீச்சலையும் இயன்றவரை சீக்கிரம், பொறுமையுள்ள பயிற்றுநரிடம் கற்பியுங்கள். ஆனால் நீந்தத் தெரிந்த குழந்தையையும் நீரருகே கைக்கெட்டும் தூரத்திலேயே வைத்திருங்கள்.

இரவு ஒரு மணி வரை தூங்குவதில்லை.

ஆட்டிசம் உள்ள குழந்தைகளுள் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குத் தூக்கச் சிக்கல் உண்டு; விடுமுறையில் அது வெளிப்படையாகிவிடுகிறது. படுக்கும் நேரத்தை விட எழும் நேரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்: எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலையில் அதே நேரத்தில் எழுப்பி வெளிச்சத்துக்கு அழைத்து வாருங்கள். மெலடோனின் பல குழந்தைகளுக்கு உதவுகிறது. அளவையும் நேரத்தையும் மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

நாள் முழுவதும் கைப்பேசியையே கேட்கிறது. முழுவதுமாக நிறுத்திவிடலாமா?

முழுவதுமாக நிறுத்துவது பெரும்பாலான வீடுகளில் நடக்காது, தேவையும் இல்லை. அதற்கும் அட்டவணையில் ஓர் இடம் கொடுங்கள். எப்போது கிடைக்கும் என்று தெரிந்துவிட்டால் கேட்பது தானாகவே குறையும். மணல் கடிகாரமோ நிறம் சுருங்கும் டைமரோ முடிவை முன்கூட்டியே காட்டட்டும், அடுத்து வருவது குழந்தைக்குப் பிடித்த வேறொன்றாக இருக்கட்டும். படுக்கைக்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் வேண்டாம்.

உறவினர் வீட்டுக்கும் வெளியூருக்கும் எப்படி அழைத்துப் போவது?

போகும் இடத்தின் படங்களை முன்கூட்டியே வரவழைத்து, 'நாம் வண்டியில் போவோம், இந்த அறையில் தூங்குவோம், நிறையப் பேர் பேசுவார்கள், சத்தம் அதிகமானால் இந்த அறைக்கு வரலாம், மூன்று இரவு கழித்து வீட்டுக்கு வருவோம்' என்று ஒரு சிறு படக்கதையாகத் தைத்து ஒரு வாரம் முழுவதும் படித்துக் காட்டுங்கள். கரோல் கிரே 1990-களின் தொடக்கத்தில் உருவாக்கிய சமூகக் கதை முறை இதுவே. தலையணை உறை, குவளை, விரிப்பு ஆகியவற்றை வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள். கட்டிப்பிடிப்பதையும் முத்தம் கொடுப்பதையும் குழந்தை விரும்பாது என்பதை உறவினர்களிடம் தொலைபேசியிலேயே சொல்லிவிடுங்கள். வாசலில் நின்று சொன்னால் மனத்தாங்கலாகிவிடும். இரண்டு நாள் என்று திட்டமிட்டு ஒரே நாளில் திரும்ப நேர்ந்தால், அந்த ஒரு நாள் நல்லபடியாகப் போனதென்று மகிழுங்கள்.

இவனையே பார்த்துக்கொண்டிருந்தால் மூத்தவளுக்கு விடுமுறையே இல்லாமல் போகிறது.

வாரத்தில் ஒரு மணி நேரமாவது அவளுக்கே உரியதாக, அவள் தேர்ந்தெடுக்கும் செயலுக்காக, நாள்காட்டியில் எழுதி வையுங்கள். அவளைக் காவலாளி ஆக்காதீர்கள். 'எனக்குக் கோபமாக இருக்கிறது' என்று அவள் சொன்னால் உடனே ஆறுதலுக்குத் தாவாமல் முழுவதும் கேளுங்கள்.

எனக்கே தாங்கவில்லை. இதைச் சொல்லலாமா?

சொல்லத்தான் வேண்டும். பள்ளி இருந்தபோது உங்களுக்கும் ஐந்தாறு மணி நேரம் கிடைத்துக்கொண்டிருந்தது. விடுமுறையில் அது பறிபோகிறது, இரவுத் தூக்கமும் சேர்ந்து போகிறது. ஆகவே உங்கள் ஓய்வையும் திட்டத்தில் எழுதுங்கள், மிச்சம் இருந்தால் பார்க்கலாம் என்று விடாதீர்கள். துணைவரோ, பெற்றோரோ, நண்பரோ, கூலிக்கு வரும் உதவியாளரோ, வாரத்தில் இரண்டு முறை குறித்த நேரத்தில் வந்து குழந்தையோடு இருக்கட்டும். முதலில் நீங்கள் வீட்டில் இருக்கும்போதே வந்து பழகட்டும், பிறகு நீங்கள் வெளியே போங்கள். வேறொரு குடும்பத்தோடு முறை வைத்துப் பார்த்துக்கொள்வதும் உண்டு; நாங்கள் ஒரு கோடை முழுவதையும் அப்படித்தான் கடந்தோம். எதிலும் பிடிப்பில்லாமல் அழுகை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். குழந்தையையோ உங்களையோ காயப்படுத்தும் எண்ணம் வந்தால் ஒரு நாளும் தள்ளாமல் அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

விடுமுறைக்குள் குணப்படுத்திவிடுவதாக விளம்பரங்கள் வருகின்றனவே?

நம்பாதீர்கள். ஆட்டிசம் என்பது மூளை வளர்ந்து அமையும் விதத்தில் உள்ள வேறுபாடு. அதைக் குறுகிய காலத்தில் அகற்றும் மருந்தோ உணவுமுறையோ கிடையாது. உடலிலிருந்து உலோகங்களை அகற்றுவதாகச் சொல்லும் கீலேஷன் சிகிச்சையின்போது 2005-இல் அமெரிக்காவில் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் உயிரிழந்தான். வெளுப்பு நீரைக் கலந்து கொடுக்கச் சொல்லும் கொடுமையும் நடக்கிறது. தடுப்பூசியால் ஆட்டிசம் வரும் என்ற அச்சத்தைக் கிளப்பிய 1998-ஆம் ஆண்டுக் கட்டுரையை, அதை வெளியிட்ட லான்செட் இதழே 2010-இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. விடுமுறையில் போட வேண்டிய தடுப்பூசி ஏதேனும் விட்டுப்போயிருந்தால் போட்டுவிடுங்கள்.

பள்ளி மீண்டும் திறக்கும்போது எப்படித் தயார் செய்வது?

கடைசி இரண்டு வாரத்தை அதற்காக ஒதுக்குங்கள். எழும் நேரத்தையும் படுக்கும் நேரத்தையும் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை கால் மணி நேரம் முன்னுக்கு நகர்த்துங்கள். புதிய சீருடையையும் காலணியையும் ஒரு முறை துவைத்து, வீட்டுக்குள்ளேயே சிறிது நேரம் அணியப் பழக்குங்கள். முன்பு எடுத்து வைத்த பள்ளிப் படங்களை இப்போது வெளியே எடுங்கள். வகுப்பும் ஆசிரியரும் மாறுவதானால் புதிய படங்களைப் பள்ளியிடம் கேட்டு அவற்றோடு சேருங்கள். திறப்பதற்கு முன் ஆளில்லாத நேரத்தில் ஒருமுறை வாசல் வரை, அனுமதித்தால் வகுப்பறை வரை, நடந்துவிட்டு வாருங்கள்.

புதிய ஆசிரியருக்கு ஒரே பக்கத்தில் கடிதம் எழுதுங்கள்: குழந்தைக்கு எது பிடிக்கும், எது அச்சுறுத்தும், கலங்கப்போகிறது என்பதை உடல் எப்படிக் காட்டும், அப்போது எது உதவும், விடுமுறையில் புதிதாக எதைக் கற்றது. முதல் வாரத்தின் மாலைகளில் தெரபியோ கடை கண்ணியோ வைத்துக்கொள்ளாதீர்கள். நாள் முழுவதும் அடக்கி வைத்திருந்தது எல்லாம் வீட்டு வாசலைத் தாண்டியதும்தான் வெளிவரும்; அப்போது விளக்கு மங்கலாகவும், தண்ணீர் கைக்கு எட்டும்படியும், ஊஞ்சல் காலியாகவும் இருக்கட்டும். 'இன்று பள்ளியில் என்ன செய்தாய்?' என்ற கேள்வியை மறுநாளுக்கு வைத்துக்கொள்ளலாம்.